அலை டாக்டரும் அனாமதேயப் பெட்டியும்

அந்தத் தெருவில் வெயிலும் இல்லை, மழையும் இல்லை. ஆனாலும் எல்லோரும் குடை பிடித்தார்கள். அதுவும் வீட்டுக்குள்! சமைக்கும்போது குடை, சாப்பிடும்போது குடை, குளிக்கும்போதும் குடை. கைபேசிக் கோபுரத்திலிருந்து வரும் அலைகள் மூளையை அவித்துவிடும் என்று அலை டாக்டர் ஆராய்ந்து கண்டுபிடித்திருந்தார். அந்த அலைகள் பயப்படும் ஒரே பொருள், உள்ளே வெள்ளித்தாள் ஒட்டிய 'அலைக் குடை' என்பதையும் அவரே கண்டுபிடித்திருந்தார். எதில் டாக்டர் என்று ஒருவரும் கேட்கவில்லை. வெள்ளைக் கோட்டுப் போட்டிருந்தாரே, போதாதா?

குடையால் கொழுத்த லாபம் பார்த்தவர்கள் இரண்டு பேர். ஒருவர், குடைக் கம்பெனிக்காகக் குடை விற்ற டாக்டர். இன்னொருத்தி, தெருமுனையில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்த கண்ணாடிக்காரம்மா. குடைக்கம்பி குத்திக் கண்ணாடி உடைந்தவர்கள் அவள் கடையில் வரிசை கட்டி நின்றார்கள்.

கல்லா நிறைந்தது; மனசுதான் நிறையவில்லை. அவள் கணவர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். 'விடை மட்டும் போதாது, வழியைக் காட்டு' என்று ஊர்ப் பிள்ளைகளை மிரட்டியவர், டாக்டரிடம் மட்டும் வழி கேட்க மறந்துவிட்டார். வீட்டுக் கைபேசி, கடைக் கைபேசி எல்லாவற்றையும் எவர்சில்வர் டப்பாவில் போட்டு, பீரோவில் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். கடல் கடந்து வாழும் ஒரே மகளுக்கு அந்த வாரம்தான் தலைப்பிரசவம்.

"என்னங்க, பொண்ணு அங்க என்ன பாடுபடுதோ. ஒரு தடவை பேசிட்டுத் திரும்பப் பூட்டிக்குங்க."

"பேசலாம்மா. அப்புறம் உன் மூளை வெந்துடுச்சுன்னா யாரு பொறுப்பு?"

"யாரு மூளை வெந்திருக்குன்னு தெருவே பார்க்குது."

வாத்தியார் குடையை முகத்துக்கு நேரே இறக்கிக்கொண்டார். அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

அன்று வேறு வட்டாரத்துக்காரர் ஒருவர் கண் சோதிக்க வந்தார். அங்கே கோபுரக் கம்பெனி நடத்திய கூட்டத்தில் ஒரு டாக்டர் பேசினாராம். அலை பட்டால் நன்றாகத் தூக்கம் வருமாம், வழுக்கையில் முடிகூட முளைக்குமாம். வெள்ளைக் கோட்டு, கீச்சிடும் கருவி, மூக்கில் மச்சம். இங்கே குடை விற்கிற அதே ஆள்தான் என்று கண்ணாடிக்காரம்மாவுக்கு விளங்கிவிட்டது. வரிசையில் நிற்கும்போதே எழுத்துப் பலகையை மனப்பாடம் செய்துகொண்டு, கண் தெரிவது போல ஒப்பிக்கிற ஆசாமிகளை அவள் தினம் பார்க்கிறாள். பலகையை மாற்றினால் சாயம் வெளுத்துவிடும்.

மறுநாள் தெருக்காரர்கள் சங்கக் கட்டடத்தில் டாக்டரின் கூட்டம். எள் விழ இடமில்லை. ஆளுக்கொரு குடை விரித்திருந்ததால் எள்ளுக்கு இன்னும் கஷ்டம். கண்ணாடிக்காரம்மா ஒரு மூடிய பெட்டியோடு மேடை ஏறினாள்.

"முதல்ல என் விஷயத்தைச் சொல்லிடறேன். இந்தக் குடையால எனக்கு நல்ல வருமானம். குடை ஒழிஞ்சா என் வியாபாரம் படுத்துடும். அதையும் சேர்த்து எடை போட்டு என் பேச்சைக் கேளுங்க."

கூட்டம் திருதிருவென்று விழித்தது. மேடையில் நின்று இப்படியுமா உண்மை பேசுவார்கள்?

"டாக்டர், இந்தப் பெட்டியில வர்ற அலை நல்லதா, கெட்டதா? ஆராய்ஞ்சு சொன்னா காசு உண்டு. யாரோட காசுன்னு மட்டும் இப்பச் சொல்ல மாட்டேன்."

டாக்டர் கருவியை நீட்டினார். 'கீச்' என்றது. அவர் வாயைத் திறந்தார், மூடினார்.

"யாரும்மா காசு தர்றாங்க?"

"அது கருவிக்குத் தெரியணுமா?"

"கருவிக்கு வேண்டாம். எனக்கு... சும்மா ஒரு மரியாதைக்கு."

"சரி, குடைக் கம்பெனின்னு வெச்சுக்குங்க."

"கேட்டீங்களா மக்களே! இது மரண ஓலம்! கிட்ட நின்னா ஈரல் கருகிடும்!"

"ஐயையோ, மாத்திச் சொல்லிட்டேன். கோபுரக் கம்பெனி."

டாக்டர் துளிக்கூடத் தடுமாறவில்லை. எத்தனை நாள் பழக்கம்! "நான் இன்னும் முடிக்கல. ஓலம் மாதிரிதான் கேட்கும். உண்மையில இது தாலாட்டு. ஈரல் செழிப்பா வளரும்."

"அட, இல்ல டாக்டர். குடைக் கம்பெனியேதான்."

"வளர்ந்து... கருகிடும்!"

முதலில் எழுந்தவர் வாத்தியார்தான். "ஒரே கணக்குக்கு எப்படிய்யா மூணு விடை?" என்று குடையை மடக்கிக்கொண்டு மேடைக்குப் போய்ப் பெட்டியைத் திறந்தார். உள்ளே ஒரு செங்கல். கருவியைப் பிடுங்கித் திருப்பினார். கட்டைவிரல் படும் இடத்தில் ஒரு பொத்தான், அமுக்கினால் கீச்.

"அப்ப ரெண்டு கம்பெனிகிட்டயும் வாங்கறியா?" என்று கேட்டார் வாத்தியார்.

"ஆராய்ச்சியைப் பாருங்க! யாருகிட்ட வாங்கறேங்கறது என் சொந்த விஷயம்!"

"என் ஈரல் யாரு சொந்த விஷயம்?" என்று ஒரு குரல் கேட்டது. டாக்டர் கூட்டத்துக்குள் பாய்ந்தார். விரித்த குடைகளின் கம்பிகள் கோட்டைப் பிடித்துக்கொண்டன. கோட்டு கம்பியோடு நின்றுவிட, ஆள் மட்டும் ஓடினார். உள்ளே போட்டிருந்தது கோபுரக் கம்பெனி இலவசமாகக் கொடுத்த பனியன். முதுகில் பெரிய கோபுரம், அதன் கீழே கம்பெனியின் பெயர்.

வாத்தியார் மனைவியோடு வீட்டுக்கு ஓடினார். கைபேசியை உயிர்ப்பித்த மறுகணமே மகளின் வீடியோ அழைப்பு வந்தது.

"அப்பா! எங்கப்பா போனீங்க? பேத்தி பொறந்து ரெண்டு நாளாச்சு! நேத்தெல்லாம் உங்களுக்கு என்ன ஆச்சோன்னு அழுதுட்டே இருந்தேன்."

வாத்தியாருக்கு அவமானமும் சந்தோஷமும் ஒன்றாகப் பொங்க, தேம்பித் தேம்பி அழுதார். "உன்னை அழ வெச்சுட்டேனேம்மா. ஒரு வார்த்தை அந்த ஆளைக் கேட்கத் தோணலியே எனக்கு."

"அழுகையை அப்புறம் வெச்சுக்கலாம். தள்ளுங்க, நானும் பார்க்கணும்," என்றாள் கண்ணாடிக்காரம்மா.

அலை நல்லதா, கெட்டதா? அவளுக்கு அன்றும் தெரியாது. முறையாக ஆராய்கிறவர்கள் சொல்லட்டும், காது கொடுத்துக் கேட்போம். யார் காசில் ஆராய்ந்தார்கள் என்பதை முதல் வரியிலேயே சொல்லட்டும். ஒரு சோப்பு வாங்கினால்கூட எந்தக் கம்பெனி என்று திருப்பித் திருப்பிப் பார்க்கிறீர்கள். மூளையைக் காப்பாற்ற வந்தவரிடம் மட்டும் அதைக் கேட்கமாட்டீர்கள் என்றால், ஐயா, அங்கே காப்பாற்ற என்னதான் இருக்கிறது?