சவப்பெட்டிக்கு எத்தனை நட்சத்திரம்?

மின்னசோட்டா மாநிலத்தின் வடக்கே, ஏரியை ஒட்டிய சிற்றூர் ஒன்றில் வசிக்கும் திருமதி ஆர்டிஸ் டாலெஃப்சன், எழுபத்திரண்டு வயது வரை எந்தப் பொருளைப் பற்றியும் எவரிடமும் குறை சொன்னவர் அல்லர். அந்த ஊர்க்காரர்கள் எவருமே சொல்ல மாட்டார்கள். உப்பில்லாத சூப்பைக் குடித்துவிட்டு "வித்தியாசமா இருக்கு" என்பார்கள். புயலில் கூரை பறந்தால் "வெளிச்சமா இருக்கு" என்பார்கள்.

அப்படிப்பட்டவர், கணவர் வெர்னை அடக்கம் செய்த மறுநாளே கணினி முன் உட்கார்ந்து, 'ப்ரேரிகார்ட்' என்னும் இணையக் கடையில் ஒரே ஒரு நட்சத்திரம் போட்டு, "கைப்பிடி கழன்றுவிட்டது" என்று எழுதினார் என்றால், விஷயம் சாமானியமானதாக இருக்க முடியாது.

வெர்னுக்காக வாங்கியது 'நித்திய நிம்மதி' ரகச் சவப்பெட்டி. ஐந்துக்கு நாலே முக்கால் நட்சத்திரம் வாங்கியிருந்த பெட்டி. கல்லறைத் தோட்டத்து மேட்டில் ஆறு பேர் தூக்கிக்கொண்டு போகையில், பக்கத்து வீட்டு டெல்மர் பிடித்திருந்த கைப்பிடி மட்டும் தனியாக அவர் கையோடு வந்துவிட்டது. மார்ச் மாதம்; தரையெல்லாம் பனிக்கட்டி. பெட்டி சறுக்கிக் கிளம்பி, மேட்டிலிருந்து இறங்கி, போதகரின் காரில் இடித்துத்தான் நின்றது. வெர்ன் உயிரோடிருந்தபோது அவ்வளவு வேகத்தில் எங்கும் போனதில்லை. "ஆண்டவர் இவரைச் சற்று அவசரமாக அழைக்கிறார்" என்று சொல்லிப் போதகர் சமாளித்தார்.

ஆர்டிஸ் இதையும் பொறுத்துக்கொண்டிருப்பார். ஆனால் அடக்கம் முடிந்து தேவாலயத்துக் கீழ்த்தளத்தில் காபி குடிக்கும்போது டெல்மர் ஒரு செய்தி சொன்னார்.

"அதே பெட்டியத்தான் ஆர்டிஸ், எனக்கும் சொல்லியிருக்கேன். தள்ளுபடியில போட்டிருக்கான். எப்பவாச்சும் தேவப்படத்தானே போகுது?"

"யோவ், கைப்பிடி உன் கையோடதானே வந்துச்சு?"

"ஒண்ணு போனா என்ன, மிச்சம் அஞ்சு இருக்குல்ல? அத்தன பேரு அஞ்சு நட்சத்திரம் போட்டிருக்கான். எல்லாருமா முட்டாளு?"

டெல்மரும் ஆர்டிஸும் பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பு. டெல்மர் கல்யாணமே செய்துகொள்ளாத மனிதர். இழுத்துப் பிடித்து நிறுத்தவும் ஆள் கிடையாது. வெர்ன் சறுக்கியதே போதும், இவரும் சறுக்க வேண்டாம் என்றுதான் ஆர்டிஸ் எழுதினார்.

எழுதியது வெளியாகவில்லை. மாறாக, ப்ரேரிகார்ட்டின் மதிப்புரை மெய்மை உறுதிப்பாட்டுப் பிரிவிலிருந்து டேன் என்ற இளைஞர் தொலைபேசியில் அழைத்தார்.

"மேடம், பொருள வாங்குனது நீங்கதான். அதுல எங்களுக்குச் சந்தேகமே இல்ல. ஆனா பயன்படுத்துனது யாரு?"

"எங்க வீட்டுக்காரர்."

"அப்ப மதிப்புரைய அவர்தானே எழுதணும்?"

"அவரால எழுத முடியாதுப்பா."

"அங்க இணைய வசதி இல்லீங்களா?"

"ஆறடிக்குக் கீழ எப்பிடிப்பா இருக்கும்?"

"பின்தங்கிய பகுதிகளுக்குன்னு எங்ககிட்ட தனிப் பிரிவே இருக்கு மேடம். இணைப்பு குடுக்கட்டுமா?"

ஆர்டிஸ் மூச்சை இழுத்து விட்டுக்கொண்டார். "தம்பி, அது சவப்பெட்டி. அதப் பயன்படுத்துனவங்க எப்பிடி மதிப்புரை எழுதுவாங்க?"

"இருநூத்துச் சொச்சம் பேர் எழுதியிருக்காங்களே மேடம். எல்லாருமே சரிபார்க்கப்பட்ட பயனாளர்கள்."

"அப்ப அவங்கள்லாம் செத்தவங்களா?"

"பயனாளர்களோட உடல்நிலைத் தகவல நாங்க வெளிய சொல்றதில்ல மேடம்."

ஆர்டிஸ் அந்த மதிப்புரைகளைத் திறந்து படித்தார். 'அருமை! இரண்டாவது முறையாக வாங்குகிறேன்' என்றிருந்தது ஒன்று. 'குழந்தைகள் இதைவிட்டு இறங்கவே மாட்டேன் என்கிறார்கள்' என்றிருந்தது இன்னொன்று. 'துவைத்த பிறகும் சாயம் போகவில்லை' என்று மூன்றாமவர் நற்சான்று அளித்திருந்தார். ஒவ்வொன்றின் பக்கத்திலும் பச்சை நிறத்தில் 'மெய்' என்ற முத்திரை.

மறுநாள் துணைத் தலைமை மெய்மை அலுவலர் திருமதி பிட்கின் தாமே அழைத்தார். குரலில் துக்கம் விசாரிக்கும் கனிவு.

"உங்க இழப்பு எங்களுக்குப் புரியுது. பிடிக்கலன்னா முப்பது நாளுக்குள்ள திருப்பி அனுப்பிடுங்களேன்? பயன்படுத்தாம இருக்கணும், அவ்வளவுதான். வந்த பெட்டியிலேயே வெச்சு அனுப்பணும்."

"அதுவே பெட்டிதாம்மா!"

"அப்ப இன்னும் சுலபம்."

கடைசியில் திருமதி பிட்கின் பெருந்தன்மையோடு ஒரு வழி சொன்னார். அதே ரகப் பெட்டியில் பயனாளர் ஒருவர் அரை மணி நேரம் படுத்திருந்து, அதை அலுவலர் நேரலைக் காணொளியில் பார்த்து, பிறகு பயனாளர் தம் வாயால் கருத்துச் சொன்னால் அது மெய்யான மதிப்புரையாக ஏற்கப்படும். அவர் இறந்திருக்க வேண்டுமா என்று ஆர்டிஸ் கேட்டார். "விதியில அப்பிடி எதுவும் இல்ல. அடையாள அட்டை மட்டும் கையில இருக்கணும்" என்றார் திருமதி பிட்கின்.

டெல்மரின் பெட்டி அந்த வாரமே வந்து, கார் கொட்டகையில் பனித்தள்ளி இயந்திரத்தின் பக்கத்தில் கிடந்தது. ஆர்டிஸ் ஒரு பெரிய தட்டு நிறைய, அந்த ஊர்க்காரர்கள் 'ஹாட்டிஷ்' என்று சொல்லும் உருளைக்கிழங்குப் பதார்த்தத்தை அடுப்பில் சுட்டு எடுத்துக்கொண்டு போனார்.

"நீ பொய் ஒண்ணும் சொல்ல வேணாம். கைப்பிடி உன் கையோட வந்தத மட்டும் சொல்லு. போதும்."

"மேல சீஸ் போட்டிருக்கியா?"

"போட்டிருக்கேன்யா. ஏறிப் படு."

டெல்மர் பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு, அடையாள அட்டையை நெஞ்சின் மேல் பிடித்தபடி படுத்தார். காணொளியில் திருமதி பிட்கினும் டேனும் பயபக்தியோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். சற்று நேரத்தில் குறட்டைச் சத்தம் கொட்டகையை நிறைத்தது.

"பயனாளர் அமைதியா இருக்கார். பொருளோட நோக்கத்துக்கு இது ஒத்துப்போகுது" என்றார் திருமதி பிட்கின். டேன் குறித்துக்கொண்டார்.

அரை மணி ஆனதும் ஆர்டிஸ் பெட்டியைத் தட்டினார். டெல்மர் எழுந்து உட்கார்ந்து, தோளைச் சுழற்றிப் பார்த்தார். முதுகைத் தடவினார். முகம் மலர்ந்தது.

"ஆர்டிஸ்! முதுகுவலியக் காணோம்! ட்ராக்டர்லேர்ந்து விழுந்த நாள்லேர்ந்து இப்பிடி ஒரு தூக்கம் நான் தூங்குனதே இல்ல!"

"கைப்பிடி! கைப்பிடியப் பத்திச் சொல்லுய்யா!"

டெல்மர் யோசித்தார். அவர் பொய் சொல்லாதவர். "உள்ள படுத்திருக்கறவனுக்குக் கைப்பிடி எங்க தெரியுது?"

"மிகச் சரியான கருத்து" என்றார் திருமதி பிட்கின். "கைப்பிடிய எந்தப் பயனாளரும் தொடுறதே இல்ல. அது வெளியாட்கள் சமாச்சாரம். அவங்க நம்ம வாடிக்கையாளர்களும் இல்ல."

டெல்மரின் மதிப்புரை அன்றே வெளியானது. ஐந்து நட்சத்திரம். 'படுத்தேன், எழுந்திருக்க மனமில்லை' என்ற அவருடைய வாசகத்தைக் கடைக்காரர்கள் முகப்பிலேயே போட்டார்கள். இரண்டே வாரத்தில் ஊரில் முதுகுவலி உள்ளவர்கள் எல்லோரும் நித்திய நிம்மதிக்குச் சொல்லிவிட்டார்கள். போதகர் பிரசங்கம் தயாரிக்க ஒன்று வாங்கினார். மதிய நேரங்களில் தெருவே நிசப்தமாக இருந்தது.

ஆர்டிஸ் டெல்மரோடு பேசுவதை நிறுத்தினார். ஹாட்டிஷ் தட்டைக்கூடத் திருப்பிக் கேட்கவில்லை.

முப்பது நாள் முடிந்ததும் ப்ரேரிகார்ட்டிலிருந்து அவருக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. பயனாளர் திரு. வெர்ன் டாலெஃப்சன் குறித்த காலத்துக்குள் பொருளைத் திருப்பி அனுப்பாததாலும், புகார் எதுவும் தெரிவிக்காததாலும், அவருடைய முழுத் திருப்தி விதிப்படி பதிவு செய்யப்பட்டுவிட்டதாம். ஆர்டிஸ் பதறிப்போய்க் கடைப் பக்கத்தைத் திறந்தார். வெர்னின் பெயர், ஐந்து நட்சத்திரம், பச்சை முத்திரை. கீழே ஒரே வரி: 'எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.'

அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. திரையை மூடினார். திறந்தார். இன்னொரு தடவை படித்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் படித்தார்.

அடுத்த வாரம் டாலெஃப்சன் வீட்டு வாசலில் நீளமான அட்டைப்பெட்டி ஒன்று வந்து இறங்கியது. வேலிக்கு அந்தப் பக்கமிருந்து டெல்மர் எட்டிப் பார்த்தார்.

"என்ன ஆர்டிஸ், நீயுமா? கைப்பிடி கழண்டுக்கும்னு சொன்னியே?"

"நீ சொன்னதக் கேட்டு ஒண்ணும் வாங்கலய்யா" என்றார் ஆர்டிஸ், அட்டையைக் கிழித்தபடியே. "வெர்னே அஞ்சு நட்சத்திரம் போட்டிருக்காரு. என் சமையலுக்கே அந்த மனுஷன் மூணுக்கு மேல போட்டதில்ல."