லெப்டொப்பில் களை பிடுங்கிய கதை

எனக்கு ஒரு நல்ல பழக்கம் இருக்கிறது. தொடங்கின வேலையை முடிக்காமல் எழும்ப மாட்டேன். பழுகாமத்தில் எங்கள் வீட்டில் நடந்த பெரிய அழிவுகளில் முக்கால்வாசி இந்த நல்ல பழக்கத்தால் வந்தவை.

அதில் ஒன்றைச் சொல்கிறேன். என் பேத்தி தனுவின் லெப்டொப்பை நான் திருத்திய கதை. (திருத்தியது என்றுதான் நான் இன்றைக்கும் சொல்வேன். மற்றவர்கள் வேறு சொல் பாவிக்கிறார்கள்.)

தனு என் மகள் மலரின் மூத்தவள், அம்மம்மாவான என்னைப் பெத்தா என்று கூப்பிடுகிறவள். வீடுகளுக்குப் படம் வரைகிறவள். அத்திவாரம் வெட்டுவதற்கு முன்பே முழு வீட்டையும் கொம்பியூட்டருக்குள் கட்டி, வாசலால் நுழைந்து குசினி வரைக்கும் நம்மை நடத்திக்கொண்டு போய்க் காட்டுவாள். இந்த வேலையைச் சாதாரண லெப்டொப் இழுக்காது என்று, கட்டாரில் இருக்கிற தகப்பன் கேம் விளையாடுகிற பொடியன்கள் வைத்திருக்கிற ரகத்தில் ஒன்று வாங்கி அனுப்பினார். கறுப்பு நிறம், நல்ல பாரம். எழுத்துக் கட்டைகளுக்கு அடியில் சிவப்பும் நீலமுமாக லைட் ஓடும். மூடியைத் திறந்தால் சடங்குக்குக் கோயில் பந்தல் போட்டமாதிரி இருக்கும்.

தனு வீட்டில் இருந்தால் அது அவளுடையது. அவள் வெளியே போனால் என்னுடையது. ஏனென்றால் அதில் ஒரு வயல் கேம் இருக்கிறது. என் சொந்த வயலை எங்கள் பக்கத்து முறைப்படி மகள்மாருக்குச் சீதனமாகக் கொடுத்து முடித்துவிட்டேன். குடியிருக்கிற வீடும் மலரின் சீதனம்தான். சொந்தமாக ஒரு வரம்புத் துண்டுகூட இல்லாமல் இருந்த எனக்கு அந்தக் கேம் ஒரு வயல் வட்டை முழுவதையும் தூக்கித் தந்தது. கண்ணுக்கெட்டிய தூரம் என் வயல். யானை வராது. மழை பிழைக்காது. பக்கத்து வயற்காரன் என் தண்ணீரை மறிக்க மாட்டான். முக்கியமாக, முழங்கால் நோகாது.

அன்றைக்குக் காலையில் தனு கல்முனைக்குப் போக வெளிக்கிட்டாள். வாசலில் நின்று சொன்னாள்.

"பெத்தா, இண்டைக்குக் கேம் வேணாம். பின்னேரம் அஞ்சு மணிக்கு ஹாஜியாருக்கு வீட்டக் காட்டணும்."

ஓட்டமாவடி ஹாஜியார் வாகரைப் பக்கம் கடலோரமாக ஒரு கெஸ்ட் ஹவுஸ் கட்டப் போகிறவர். படம் வரைய மூன்று பேரிடம் கேட்டிருந்தார். மற்ற இருவரும் காட்டி முடித்துவிட்டார்கள். தனு அதுவரைக்கும் வரைந்தது எல்லாம் மதிலும் கேற்றும், ஒரு கோழிக்கூடும். (கோழிக்கூடு எனக்கு வரைந்தது. வடிவான கூடு. கோழிகள்தான் உள்ளே போக மாட்டோம் என்று நிற்கின்றன.) இந்த வேலை கிடைத்தால் அவள் ஊரோடு இருந்து தன் தொழிலைச் செய்யலாம். கிடைக்காவிட்டால் கொழும்பில் ஒரு கடையில் கணக்கெழுதப் போவதாகத் தாய்க்கு வாக்குக் கொடுத்திருந்தாள். மலர் அவளுடைய பெட்டியைக்கூடத் துடைத்து வைத்துவிட்டாள்.

"கொஞ்ச நேரம் உழுதித்து வெச்சிர்றன்கா" என்றேன்.

"சரி, உழுங்க. வேற ஒண்டையும் தொடப்படா."

"நான் என்னத்தகா தொடப்போறன்?"

அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள். அந்தப் பார்வைக்கு நான் அப்போதே மரியாதை கொடுத்திருக்கலாம்.

கேமைத் திறந்தேன். டிராக்டர் விக்கி விக்கி ஓடியது. நாலு அடி போகும், நிற்கும், யோசிக்கும், பிறகு போகும். அப்போது மூலையில் ஒரு சின்னப் பெட்டி வந்தது. இங்கிலீசு. நான் அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். ஆனால் என் போனைத் தூக்கி இங்கிலீசுக்கு நேரே பிடித்தால் அது தமிழில் சொல்லும். பிடித்தேன். "உங்கள் கிராபிக்ஸ் ட்ரைவர் பழையது. புதுப்பிக்கவும்" என்றது.

(ட்ரைவர் என்றதும் பஸ் ஓட்டுகிற ஆளை நினைக்கிற அளவுக்கு நான் மொக்கு இல்லை. லெப்டொப்புக்குள் இருக்கிற ஒவ்வொரு சாமானையும் வேலை வாங்க ஒவ்வொரு கங்காணி இருக்கிறார். அவர்தான் ட்ரைவர். தனு சொல்லித் தந்தது.)

தனுவிடம் கேட்டிருக்கலாம். ஆனால் அவள் வரும்போது டிராக்டரும் ஓடி, ஹாஜியாரின் வீடும் இன்னும் வேகமாக ஓடினால் பிள்ளை எவ்வளவு சந்தோசப்படும்! போனில் தமிழ் வீடியோ ஒன்றைத் தேடி எடுத்தேன். இந்தியாத் தம்பி ஒருவர், தாடி வைத்தவர். தொடக்கத்தில் நிறையப் பேசினார். வணக்கம் சொல்கிறார் என்று நினைத்து அந்தப் பகுதியைத் தள்ளிவிட்டேன். விசயத்துக்கு வந்த இடத்தில் நிறுத்திக் கேட்டேன். "பழைய ட்ரைவரை முதல்ல சுத்தமா எடுத்துடுங்க. அப்புறம் புதுசைப் போடுங்க."

அந்தத் தம்பியை எனக்குப் பிடித்துவிட்டது. வயல் தெரிந்த பிள்ளை! பழைய வேரும் புல்லும் கிடக்க அதற்கு மேலே விதைக்கிறவனை எங்கள் வட்டையில் ஒருவரும் மனுசனாக மதிப்பதில்லை. முதலில் அடிவேரோடு சுத்தம் செய்ய வேண்டும்.

அவர் காட்டிய இடத்துக்குப் போனேன். லெப்டொப்புக்குள் இருக்கிற சாமான்கள் எல்லாம் அங்கே வரிசையாக நின்றன. கிராபிக்ஸ் ட்ரைவரைப் பிடித்து, "முற்றாக அழி" என்ற பெட்டியில் சரி போட்டு அழித்தேன். திரை கறுத்தது. என் நெஞ்சும் கறுத்தது. பிறகு திரை திரும்பி வந்தது. எழுத்தெல்லாம் சடங்கு நோட்டீஸ் மாதிரிப் பெரிதாக இருந்தது. எனக்குக் கண்ணாடி இல்லாமலே தெரிந்தது. இது நல்ல சகுனம் என்று எடுத்துக்கொண்டேன்.

வந்த கை சும்மா இருக்குமா? மற்ற ட்ரைவர்களின் வயதையும் பார்ப்போம் என்று ஒன்றைத் தட்டினேன். போன் சொன்ன திகதி இரண்டாயிரத்து ஆறு! இன்னொன்றைத் தட்டினேன். அதுவும் இரண்டாயிரத்து ஆறு. மருமகன் புதுப் பெட்டி என்று வாங்கி அனுப்பியதற்குள் கடைக்காரன் பழைய சாமானைச் செருகி ஏமாற்றிவிட்டானே என்று எனக்குக் கோபம் வந்துவிட்டது. (கொம்பியூட்டர் ட்ரைவர்கள் சிலதுக்கு அந்தத் திகதியைத்தான் போடுவார்களாம், அதில் பிழை ஒன்றும் இல்லையாம். இதைப் பிறகுதான் சொன்னார்கள்.)

ஒரு பக்கம் புல் வெட்டி மறுபக்கம் விட்டால் அது திரும்பப் பரவும். ஆகவே வைபை என்று இருந்ததைப் பிடுங்கினேன். சத்தத்துக்குரியதைப் பிடுங்கினேன். கடைசியில் "மனித இடைமுகச் சாதனங்கள்" என்று ஒன்று இருந்தது. எனக்கு விளங்கவில்லை. மனிதனுக்கு இதற்குள் என்ன வேலை? அதையும் பிடுங்கினேன். அத்தோடு திரையில் இருந்த அம்பு செத்தது. விரலால் தேய்த்தேன், தட்டினேன், ஊதினேன். அசையவில்லை. அது செத்தபடியால்தான் மிச்சச் சாமான்கள் உயிர் தப்பின.

சரி, களை பிடுங்கியாயிற்று. இனிப் புதுசு போடலாம் என்று பார்த்தால், புதுசை எடுக்கிற வழி இல்லை. நெட் இல்லை. நான் ரவுட்டரைச் சந்தேகப்பட்டேன். அதை நிறுத்தி நிறுத்திப் போட்டேன். யன்னலில் வைத்தேன். தண்ணீர்த் தாங்கிக்கு மேலே வைத்தேன். அது பச்சை லைட்டைச் சிமிட்டிச் சிமிட்டி, "என்னில பிழை இல்ல" என்றே சொன்னது.

மூன்று மணிபோல் தனு வந்தாள். திரையைப் பார்த்தாள். காலில் போட்ட செருப்பைக் கழற்ற மறந்துவிட்டாள்.

"பெத்தா. என்ன செஞ்ச நீங்க?"

"துப்புரவாக்கினன்."

"எதெத?"

சொன்னேன். ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அவள் கதிரையில் இறங்கிக்கொண்டே போனாள்.

"வைபையயுமா?"

"அது ரெண்டாயிரத்து ஆறுகா!"

"நெட்ட எடுக்கிறதயும் புடுங்கினா புது ட்ரைவர எதால எடுக்கிற? விதைநெல்லு கைல இல்லாம ஆரும் வயல வெட்டி வெப்பாங்களா பெத்தா?"

வீடியோத் தம்பி வணக்கம் சொன்ன இடத்தில் என்னதான் சொன்னார் என்று திரும்பப் போட்டுப் பார்த்தேன். "புது ட்ரைவரை முதல்லயே டவுன்லோட் பண்ணி வெச்சுக்கோங்க" என்று இரண்டு தரம் சொல்லியிருக்கிறார், பாவி.

தனு அழவில்லை. அழுதிருந்தால் ஒரு பிளேன்டீ போட்டுக் கொடுத்து ஆற்றியிருப்பேன். அவள் அலுமாரியில் கிடந்த வயர் மவுஸை எடுத்துச் செருகினாள். தன் போனை வயரால் லெப்டொப்போடு கட்டி அதன் வழியாக நெட்டை இழுத்தாள். உள்ளே இருந்து மலர், "நான் சொன்னன்தானே, அந்தச் சாமான பெத்தாட கைல குடுக்காத எண்டு" என்று ஒரு சட்டியைப் பலமாக வைத்தாள். சின்ன ட்ரைவர்கள் ஒவ்வொன்றாக வந்தன. கிராபிக்ஸ் ட்ரைவர்தான் பெரிது. பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் எல்லாம் போனைத் தூக்குகிற நேரம் எங்கள் ஊர் நெட் கோடையில் வாய்க்கால் மாதிரி. ஐந்து மணிக்குப் பாதிகூட வந்திருக்கவில்லை.

"நாளைக்குக் காட்டுறம் எண்டு சொல்லுகா" என்றேன்.

"நாளைக்கு அவர் மக்காவுக்கு, உம்றாவுக்குப் போறார். இண்டைக்கு ஆர்ர படம் பிடிக்குதோ அவருக்குத்தான் வேல."

அவளுடைய போன் வயரில் கட்டுப்பட்டுக் கிடந்தது. ஆகவே ஹாஜியாருக்கு என் போனில் வீடியோக் கோல் எடுத்தோம். நான்தான் போனை லெப்டொப் திரைக்கு நேரே பிடிக்க வேண்டும். வாயைத் திறக்கக் கூடாது என்பது கட்டளை.

தனு வாசல் கதவைத் திறந்தாள். கிராபிக்ஸ் ட்ரைவர் இல்லாத திரையில் கதவு திறக்கத் தொடங்கியது. அரை அடி. பிறகு இன்னும் அரை அடி.

"என்ன மகள், படம் நிக்கிது?" என்றார் ஹாஜியார்.

தனு மவுஸைத் தட்டித் தட்டிப் பார்த்தாள். அவளுடைய கழுத்தில் வேர்வை இறங்கியது.

"நிக்கல்ல ஹாஜியார், நடக்கிறம்" என்றேன் நான். "புது வீடு. சீமெந்து இன்னும் காயல்ல. கால் பதியாம கவனமாப் போறம்."

அந்தப் பக்கம் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிற சத்தம் கேட்டது.

"அது ஆரு?"

"என்ர பெத்தா" என்றாள் தனு, நிலத்தைப் பார்த்துக்கொண்டு.

"சரி மூத்தம்மா, ஆறுதலாப் போங்க. நானும் செருப்பக் கழட்டித்து வாறன்."

போனோம். விறாந்தையில் ஒரு நிமிசம் நின்றோம். படுக்கையறை யன்னலுக்கு வெளியே கடல் துண்டு துண்டாக வந்து சேர்ந்தது. குளியலறைக்குள் நுழைந்ததும் படம் ஒரேயடியாக உறைந்துவிட்டது. தனு மவுஸை எத்தனை இழுத்தும் அசையவில்லை. ஓட்டமாவடிப் பெரிய மனுசன் ஒருவருக்கு நாங்கள் கக்கூஸைக் காட்டிக்கொண்டு நின்றோம். வேறு ஒன்றையும் காட்ட வழியில்லை.

ஹாஜியார் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வேறு என்ன செய்வார்?

"மகள்," என்றார் கடைசியில். "கடல் எந்தப் பக்கம்?"

"கிழக்கு."

"அப்ப இதுல இருக்கிற மனுசன் எந்தப் பக்கம் பாத்திட்டு இரிப்பான்?"

தனு கையால் திசை போட்டுப் பார்த்தாள். "மேற்கு."

"கிப்லாப் பக்கம், நாங்க தொழுற திசை. அங்க பாத்துக் கக்கூஸ்ல இரிக்கப்படா. எல்லா ரூமும் இப்படியா?"

"எல்லா ரூமும்."

நாங்கள் தொழாத ஆட்கள். அவளுக்கு அது மனதில் வரவில்லை, எனக்கும் வரவில்லை. போனைப் பிடித்த என் கை தானாகவே கீழே இறங்கியது.

"மாத்தித் தாறன் ஹாஜியார்" என்றாள் தனு. "வடக்குப் பாக்கத் திருப்பினா தண்ணிப் பைப்பும் வெளிச் சுவரோட போகும். வேலையும் சுகம். இப்பவே திருப்பிக் காட்டுறன், கொஞ்சம் இருங்க."

திருப்பினாள். அந்தக் கக்கூஸ் மெல்ல மெல்ல, தேர் திரும்புகிற மாதிரி, வடக்கே திரும்பியது. அவர் பொறுமையாக இருந்து பார்த்தார்.

"மத்த ரெண்டு பேரும் காட்டினது ரயில் மாதிரி ஓடிச்சு மகள்" என்றார். "வடிவா இருந்திச்சு, ஒண்டும் மனசுல நிக்கல்ல. ஆர் கண்டா, அதுலயும் இப்படி இரிந்திருக்கும், கட்டி முடிச்சித்துத்தான் நான் தலையில கை வெச்சிருப்பன். நீங்களே செய்ங்க. நல்ல மெசின் ஒண்டு வெச்சிரிக்கீங்க. ஆறுதலாக் காட்டுது."

கோல் முடிந்ததும் தனு என்னைக் கட்டிப் பிடிப்பாள் என்று எதிர்பார்த்தேன்.

"உங்களாலதான் கிடைச்சது எண்டு ஊருக்குள்ள சொல்லப்படா" என்றாள்.

"பின்ன ஆராலகா?"

"நான் திருப்பின கக்கூசால."

சொல்லவில்லை. நான் சொல்லாவிட்டாலும் மலர் சொன்னாள். குளியலறைக் கதவு உக்கிவிட்டது என்று மருமகன் லீவில் வந்தபோது அதைக் கழற்றி எறிந்தார். புதுக் கதவு அப்போது தச்சனிடம் பலகையாகக்கூட ஆகியிருக்கவில்லை. சேலை கட்டி மறைத்துக் குளித்தோம். "இதுதான் பெத்தா அப்டேட்" என்றாள் மலர். மற்ற மகளின் பொடியன் அடுத்த வேலை பார்க்காமல் இருந்த வேலையை விட்டான். அதுவும் பெத்தா அப்டேட். பிறகு அந்தச் சொல் எங்கள் படலையைத் தாண்டிப் போய்விட்டது. சொற்களுக்கு நான் காவல் இல்லையே.

போன மாதம் மலரும் நானும் ஒரு கலியாணத்துக்கு ஓட்டோவில் போனோம். வழியில் பழைய மதகை உடைத்துப் போட்டிருந்தார்கள். புதுசுக்கு ஒரு கம்பிகூட வந்து இறங்கவில்லை. ஓட்டோக்காரத் தம்பி வண்டியைத் திருப்பினார்.

"பாருங்கம்மா, பெத்தா அப்டேட் செஞ்சி வெச்சிரிக்கானுகள்."

"அதென்ன மனே பெத்தா அப்டேட்?" என்றேன்.

"புதுச கைல எடுக்காமப் பழசப் புடுங்கிறது. பழுகாமத்தில ஒரு பெத்தா இருந்தாவாம். பேத்திட லெப்டொப்ப உழுதித்தாவாம்."

"இருந்தாவாமா? இப்ப இல்லையா?"

"எங்க! அவ போய்ச் சேந்திட்டாவாம்."

பக்கத்தில் மலர் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினாள்.

"பாவம்" என்றேன். "என்ன வருத்தமாம்?"

"வருத்தம் ஒண்டுமில்லையாம். சும்மா இருக்க ஏலாமத்தான் செத்தவவாம்."

நான் யோசித்துப் பார்த்தேன். குறை சொல்ல ஒன்றும் இல்லை.

"நல்ல சாவுதான் மனே" என்றேன்.