பதினான்கு மாதமும் அப்பாவின் இடது காலும்

பொய் சொல்வதில் எனக்குப் பெரிய ஆட்சேபனை எதுவும் இருந்ததில்லை. ஆனால் பெற்ற அப்பாவைப் பொய்யில் சேர்ப்பதென்றால், அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் சேர்க்கவேண்டும். (பள்ளிக்கூடத்தில் இதைப் படிப்பிக்கவில்லை. படிப்பித்திருந்தாலும் அன்றைக்கு நான் போயிருக்கமாட்டேன்.)

நான் பொய் சொல்லப் போனது லொறி ஓட்டும் வேலைக்கு. மருதனார்மடத்தில் ஒரு முதலாளி, நீர்வேலி வாழைக்குலையும் மரக்கறியும் ஏற்றிக் கொழும்புக்கு அனுப்புகிறவர். என்னிடம் கனரக லைசன்ஸ் இருந்தது. கல்லும் மணலும் ஏற்றி ஓடிய மூன்று வருட அனுபவம் இருந்தது. இல்லாமல் இருந்தது கடைசிப் பதினான்கு மாதம் மட்டும்தான்.

அந்தப் பதினான்கு மாதமும் நான் வீட்டை விட்டு வெளியே வராமல் கனடா போய்க்கொண்டிருந்தேன். அங்கே இருக்கிற மாமி ஸ்பொன்சர் கடிதம் அனுப்பிய அன்றே பழைய முதலாளியிடம் லொறித் திறப்பைக் கொடுத்து வேலையை விட்டுவிட்டேன். ஆடு அடித்து விருந்து வைத்தேன். கூட்டாளிகள் காசு சேர்த்துக் குளிர் ஜக்கெற் ஒன்று வாங்கித் தந்தார்கள். கனடாக்காரர் மட்டும் ஒத்துழைக்கவில்லை. விசா மறுத்தார்கள். திரும்பப் போட்டேன். திரும்பவும் மறுத்தார்கள். ஆட்டைத் தின்றவர்களின் முகத்தில் எப்படி முழிப்பது? மானிப்பாய்ச் சந்திப் பக்கம் தலைகாட்டவில்லை. சலூன்காரர் அம்மாவை மறித்து, தம்பி நிற்கிற இடத்தில் இப்போது பனியோ என்று கேட்டாராம். அம்மாவும் ஓம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். (திறமை எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று இப்போது விளங்கியிருக்கும்.)

கடைசியில் அப்பா கெடு வைத்தார். அப்பா மேசன். தை பிறப்பதற்குள் வேலை எடுக்காவிட்டால் தன்னோடு சீமெந்து குழைக்க வரவேண்டும் என்றார். அப்பாவிடம் கையாளாக நின்ற கடைசிப் பொடியன் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வருகிறேன் என்று சைக்கிளில் போனவன். இன்னும் சாப்பிட்டு முடியவில்லை.

ஆகவே முதலாளிக்கு முன்னால் போய் இருந்தேன். எனக்கு முதல் போனவன் உண்மை பேசுகிற சாதி. பிரான்ஸ் விசாவுக்குக் காத்திருப்பதால் ஒரு வருடம் சும்மா இருந்தேன் என்றான். முதலாளி அவனுடைய லைசன்ஸைக் கையில்கூட வாங்கவில்லை.

"நான் உனக்குப் பாதை பழக்க, நீ பாரிசிலை ஓடப்போறாய். போயிட்டு வா தம்பி."

பிறகு என் பக்கம் திரும்பினார். இந்தப் பதினான்கு மாதமும் எங்கே நின்றாய் என்று கேட்டார்.

"அப்பாவுக்குப் பாரிசவாதம் ஐயா. நான்தான் வைச்சுப் பார்த்தனான்."

அதோடு நிறுத்தியிருக்கலாம். கஞ்சி பருக்கினதையும், புண் வராமல் புரட்டிப் புரட்டிப் படுக்க வைத்ததையும் சேர்த்துச் சொன்னேன். முதலாளியின் கண் கலங்கிவிட்டது. அவருடைய தகப்பனும் அதே வருத்தத்தில்தான் போனாராம். லொறி, லொறி என்று திரிந்ததில் ஒரு நாள்கூடப் பக்கத்தில் இருக்கக் கிடைக்கவில்லையாம். திங்கட்கிழமை வேலைக்கு வா என்றார்.

ஒன்றை மறந்துவிட்டேன். எங்கள் பக்கத்தில் ஒருவருக்கு நோய் வருத்தம் என்றால் கேட்டதோடு விடமாட்டார்கள். நேரே வந்து பார்ப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை முதலாளி போன் எடுத்தார். மனைவியோடு மானிப்பாய்ச் சந்தியில் நிற்கிறாராம். வீடு எந்தப் பக்கம் என்று கேட்டார்.

அப்பா அப்போதுதான் ஒரு மதில் வேலை முடித்து வந்து முற்றத்தில் நின்றார். ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னேன். படுக்கவே மாட்டேன் என்றார். இந்த வேலையும் போனால் இவன் இன்னும் பதினான்கு மாதம் வீட்டில்தான் இருப்பான் என்றார் அம்மா. அப்பா உடனே போய்ப் படுத்தார். கால் கழுவக்கூட நேரமில்லை.

தோடம்பழமும் பிஸ்கட்டுமாக வந்து இருந்தார்கள். எந்தப் பக்கம் இழுத்தது என்று முதலாளி கேட்டார். இடது என்றேன் நான். அதே நேரம் வலது என்றார் அம்மா. முதலில் இடது, பிறகு வலதுக்கு மாறினது என்று சமாளித்தேன். போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த அப்பாவின் சீமெந்துக் காலை முதலாளியின் மனைவி உற்றுப் பார்த்தார். பரியாரியார் பூசின மருந்து என்றார் அம்மா. தன் முழங்காலுக்கும் கேட்கவேண்டும் என்று அந்த மனுசி பரியாரியாரின் போன் நம்பர் கேட்டார்.

அதுவரை அப்பா நன்றாகத்தான் நடித்தார். நான் கேட்டதற்கு மேலாகவே வாயைக் கோணி வைத்திருந்தார். அப்போதுதான் முதலாளி என் கையைப் பிடித்துக்கொண்டு அப்பாவைப் பார்த்துச் சொன்னார்:

"அண்ணை, நீங்கள் குடுத்துவைச்சனீங்கள். தகப்பனைத் தூக்கிக் குளிக்க வார்த்து, சோறு தீத்தி விடுற பிள்ளை இந்தக் காலத்திலை ஆர் இருக்கு?"

அப்பாவின் வாய் நேரானது. பிறகு எழும்பி, இரண்டு காலையும் நிலத்தில் ஊன்றி இருந்தார்.

"ஆர், இவனோ? பதினாலு மாசமும் இவன் திண்ட கோப்பையைக் கழுவினது நான்."

முருகா என்று கையெடுத்துக் கும்பிட்டார் முதலாளியின் மனைவி. (அவர் அற்புதம் என்று நினைத்துவிட்டார்.) அப்பா ஒன்றும் விடவில்லை. ஆடு, ஜக்கெற், கனடா, சலூன் எல்லாவற்றையும் சொன்னார். முதலாளி தோடம்பழப் பையைத் திரும்ப மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். என் கண்ணுக்குள் சீமெந்துக் குவியல்தான் தெரிந்தது.

"விசா எத்தினை தரம் மறுத்தவங்கள்?"

"ரெண்டு தரம் ஐயா."

"கடிதம் இருக்கோ?"

எடுத்து வந்து கொடுத்தேன். அவருக்கும் என்னைப் போலத்தான் இங்கிலீஷ். இருந்தாலும் கண்ணாடி போட்டு இரண்டையும் கடைசி வரி வரை பார்த்தார். இனிப் போட்டால் கிடைக்குமோ என்று கேட்டார். ஏஜென்சிக்காரனே கைவிட்டுவிட்டான் என்றேன். அவர் முகம் மலர்ந்தது.

"உந்தக் கடிதத்தை முதலே காட்டியிருக்கலாமே தம்பி. ஒரு நாடும் எடுக்காத பொடியனைத்தானே நான் தேடுறன்."

கடிதங்களை மடித்துச் சேட்டுப் பையில் வைத்தார். பொய் சொன்னதற்கு முதல் மாதம் அரைச் சம்பளம் என்றார். போகும்போது தோடம்பழத்தையும் கொண்டு போய்விட்டார்.

இப்போது எங்கள் லொறி நிறுத்துகிற வளவில் லைசன்ஸுக்கு முதல் விசா மறுத்த கடிதத்தைத்தான் பார்க்கிறார்கள். ஓட்டுநர்களுக்குச் சொந்தப் பெயரும் இல்லை. ஒருவன் லண்டன், ஒருவன் இத்தாலி. நான் கனடா. அந்தப் பெயர் வீடு வரைக்கும் வந்துவிட்டது. யாராவது வந்து என்னைத் தேடினால், அப்பா செய்கிற வேலையிலிருந்து தலை நிமிர்த்தாமல் சொல்கிறார்:

"கனடா வெங்காயம் ஏத்தத் தம்புள்ளைக்குப் போயிட்டுது. நாளைக்கு வந்திடும்."