விமானக் கம்பெனியோடு அப்பா பேசிய பேரம்

என் அன்புக்கும் மதிப்புக்கும் உரிய அக்காவுக்கு,

வணக்கம். இங்கே அப்பா, அம்மா, மேல்மாடி மாமா, நான் ஆகிய நால்வரும் நலம். அங்கே நீயும், உன் வீட்டில் இருப்பவரும், உன் வயிற்றில் இருப்பவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். வயிற்றில் இருப்பவரை எப்படிக் குறிப்பிடுவது என்று எங்கள் தமிழ் ஆசிரியையிடம் கேட்டேன். "இப்போதைக்கு மரியாதையோடு எழுது. பிறந்த பிறகு அவரே கேட்டு வாங்கிக்கொள்வார்" என்றார்.

இதைப் போனில் சொல்லாமல் கடிதமாக எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. போனில் சொன்னால் நீ உடனே கவலைப்படுவாய். கவலை கூடாது என்று உன் டாக்டர் சொல்லியிருக்கிறார். கடிதம் வந்து சேர எட்டு நாளாகும். அதற்குள் ஒன்று பிரச்சினை தீர்ந்திருக்கும், அல்லது எங்களுக்கு அது பழகியிருக்கும். ஆகவே உட்கார்ந்துகொண்டு நிதானமாகப் படிக்கவும். விஷயம் இதுதான்: உன் பிரசவத்துக்கு வர வேண்டிய அம்மாவுக்கு இன்னும் டிக்கெட் இல்லை. டிக்கெட்டே வாங்கவில்லை என்றும் சொல்ல முடியாது. வாங்கினோம். ஆனால் அது அம்மாவுக்கு இல்லை. இப்படிச் சொன்னால் உனக்குப் புரியாது, முதலிலிருந்து எழுதுகிறேன்.

நீ அனுப்பிய அழைப்புக் கடிதத்தில் அப்பா பெயரும் அம்மா பெயரும் இருந்ததால் இருவருக்கும் விசா வந்துவிட்டது அல்லவா? அப்பா அன்றே சொல்லிவிட்டார்: "எனக்கெதுக்கு? பிரசவம் பாக்க நான் என்ன டாக்டரா? காத்துல தொங்கிட்டுப் போற வேலையெல்லாம் எனக்கு ஆகாது. உங்கம்மா போகட்டும். டிக்கெட் என் பொறுப்பு." பாஸ்போர்ட்டை அலமாரிக்கு மேலே, பழைய சூட்கேஸுக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். நீ ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போனில் "அப்பா, நீங்களும் வாங்களேன்" என்று கேட்கும்போது "கடைய யார் பாக்கிறது?" என்று சொல்லிப் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு எங்கே போகிறார் என்று உனக்குத் தெரியாது. சமையலறைக் குழாயை இறுக்கப் போகிறார். அது ஒழுகும் குழாய் இல்லை. இப்போது அதை யாராலும் திறக்க முடிவதில்லை.

அப்பா இருபத்தாறு வருடமாகத் திரைச்சீலைக் கடைக்குத் துணி கொள்முதல் செய்கிறவர். அவர் முறையை நீயும் பார்த்திருக்கிறாய். யார் என்ன விலை சொன்னாலும் "ம்ஹும்" என்பார், செருப்பை மாட்டுவார், படியிறங்கிப் பத்தடி நடப்பார். பத்தாவது அடிக்குள் "சார், வாங்க சார்" என்று பின்னாலிருந்து குரல் வந்துவிடும். நாற்பது நாளுக்கு முன் முதன்முதலாக டிக்கெட் விலையைத் திரையில் பார்த்ததும் அப்பா அதனிடமும் "ம்ஹும்" என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனை வரை நடந்துவிட்டு வந்தார். வந்து பார்த்தால் விலை இரண்டாயிரம் ஏறியிருந்தது. "பாத்தியா பாப்பா, ஒரு வார்த்த கூப்பிடல. திமிரு புடிச்ச கம்பெனி" என்றார். 'இந்த விலையில் இன்னும் இரண்டே இருக்கைகள்' என்று சிவப்பு எழுத்தில் இருந்ததைக் காட்டினேன். "கடைசி பீஸ் சார்னு சொல்லாத கடைக்காரன் ஒருத்தன எனக்குக் காட்டு" என்று கேட்டார். என்னால் காட்ட முடியவில்லை.

அம்மாவோ பல் டாக்டரிடம் நேரம் குறித்துக் கொடுக்கிற வேலையில் இருப்பவள். அவளுக்குத் தேதி என்றால் தேதிதான். "ஏங்க, புள்ள இருபதாம் தேதி வருது. நான் எட்டாம் தேதியாவது அங்க இருக்கணும். உங்க பேரம் முடியட்டும்னு அது உள்ளயே உக்காந்திருக்குமா?" என்று ஒரே ஒரு முறை கேட்டாள். அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. பெட்டியைத் திறந்துவைத்து, தினமும் ஒரு குட்டிச் சட்டை வீதம் அடுக்க ஆரம்பித்துவிட்டாள்.

மூன்றாம் நாள் மேல்மாடி மாமா வந்து சேர்ந்தார். மாமா கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவர், எந்தக் கஷ்டத்தைச் சொன்னாலும் "செட்டிங்ஸ்ல மாத்தணும்" என்பவர். "அத்தான், நீங்க திரும்பத் திரும்பப் பாக்கிறது அவனுக்குத் தெரியுது. ஆசைப்படுறீங்கன்னு தெரிஞ்சா ஏத்திடுவான். ஆளாளுக்கு வேற வேற போன்ல பாக்கணும்" என்றார். ஆசைப்படுவது தெரியக்கூடாது என்பது அப்பாவுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. அன்றிலிருந்து கம்ப்யூட்டர் இருக்கும் அறையில் டிக்கெட் பற்றிச் சத்தமாகப் பேச யாருக்கும் அனுமதி இல்லை. அப்பா கூடத்திலும், மாமா மாடியிலும், நான் படுக்கையறையில் இரண்டு போன்களோடும் உட்கார்ந்து தேடினோம். திடீரென்று அப்பா, "ஐயையோ, இந்த டிக்கெட்ட இப்ப நாலு பேரு பாத்துக்கிட்டு இருக்காங்களாம்! போட்டி வந்துடுச்சு, எல்லாரும் மூடிட்டு வெளிய வாங்க!" என்று கத்தினார். நாங்கள் மூடினோம். நான்கு மூன்றாயிற்று, மூன்று இரண்டாயிற்று, கடைசியில் ஒன்றில் நின்றுவிட்டது. "இந்த ஒருத்தன் மட்டும் போக மாட்டேங்கிறானே. யாருடா இவன், இவ்வளவு புடிவாதக்காரன்?" என்று அப்பா பல்லைக் கடித்தார். சட்டை மடித்துக்கொண்டிருந்த அம்மா தலை நிமிராமலே சொன்னாள்: "அது நீங்கதான்."

பிறகு மிகவும் மலிவாக ஒன்றை நான் கண்டுபிடித்தேன். அப்பா எனக்குக் கை கொடுத்தார். பிறகுதான் கீழே சின்ன எழுத்தில் இருந்ததைப் படித்தேன், அந்த விலைக்குப் பெட்டி கொண்டுபோக முடியாதாம், ஒரு கைப்பை மட்டும்தானாம். "அதுக்கென்ன, எல்லாத் துணியையும் ஒண்ணு மேல ஒண்ணா போட்டுக்கிட்டுப் போகட்டும்" என்றார் அப்பா. "குட்டிச் சட்டையையும் நானே போட்டுக்கவா?" என்றாள் அம்மா. அடுத்ததாக மாமா கண்டுபிடித்தது முப்பத்தொரு மணி நேரப் பயணம், நடுவில் ஏதோ ஒரு நிலையத்தில் பதினான்கு மணி நேரக் காத்திருப்பு. "கிளினிக்ல ஆளுங்கள காக்க வெக்கிறவதானே, ஒரு நாள் அவளும் காத்திருக்கட்டும்" என்று மாமா சொன்னதற்கு, அவருக்கு இரண்டு வேளை காப்பி கிடைக்கவில்லை. இருக்கையைத் தேர்வு செய்யத் தனிக் கட்டணம் என்று ஒரு பக்கம் வந்தபோதுதான் அப்பாவுக்கு உண்மையிலேயே மனம் நொந்துவிட்டது. "டிக்கெட் வாங்கினவங்க பின்ன நின்னுக்கிட்டா போவாங்க? இதுக்கு ஒரு பைசா குடுக்கக் கூடாது. அவன் எங்க உக்கார வெக்கிறானோ அங்க உக்காரட்டும்."

நடுவில் ஒரு நல்ல வாய்ப்பு வந்து போனதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். விலை இறங்கினால் மணி அடிக்கும்படி அப்பாவின் போனில் மாமா ஏற்பாடு செய்திருந்தார். அப்பா ஒரு துணி வியாபாரியோடு பேரத்தின் உச்சத்தில் இருந்தபோது அது அடித்தது. அப்பா போனைப் பார்த்து "அடடா, அங்க குறைஞ்சிடுச்சே!" என்று வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார். அந்த மனிதர் வேறு ஏதோ துணிக் கடையில் குறைந்துவிட்டது என்று பயந்து, அவரும் குறைத்துவிட்டார். அப்பாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, இன்னும் நாலு நிறத்துக்குப் பேசினார், நாலுக்கும் குறைத்தார்கள். வீட்டுக்கு வருவதற்குள் டிக்கெட் பழைய இடத்துக்கே ஏறிவிட்டது. ஆனால் கடையில் இப்போது ஊதாத் திரைச்சீலை மிகவும் மலிவு.

இனி நேற்று நடந்ததற்கு வருகிறேன். மத்தியானம் நூலகத்திலிருந்து திரும்பினேன். அப்பா கம்ப்யூட்டர் முன்னால் பரீட்சை எழுதி முடித்தவர் போல உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் நான் அம்மாவின் பாஸ்போர்ட் எண்ணை எழுதிவைத்திருந்த நோட்டு மூடியபடியே இருந்தது. சாப்பாட்டு மேசை நாற்காலி ஒன்று எதற்காகவோ அலமாரிப் பக்கம் போயிருந்தது, அதை எடுத்து வந்து அதன் இடத்தில் போட்டேன். "முடிச்சிட்டேன் பாப்பா" என்றார் அப்பா. நாற்பது நாள் பேரத்துக்குப் பிறகு, முதல் நாள் விலையைவிட நானூறுதான் அதிகம். மாமா காகிதத்தில் அச்செடுத்துக் கொண்டுவந்தார். படியிலேயே நின்று படித்துவிட்டு, "அத்தான், இதுல உங்க பேரு இருக்கு" என்றார்.

"எங்க?"

"பயணிங்கிற எடத்துல."

அப்பா காகிதத்தை வாங்கித் தூரமாகப் பிடித்துப் பார்த்தார். "நான் அடிக்கல. இந்தப் பொட்டி அதுவா எழுதிக்கிச்சு."

"ஆமா, முன்ன அடிச்ச பேர ஞாபகம் வெச்சு அதுவே நிரப்பும். செட்டிங்ஸ்ல மாத்தியிருக்கணும். அது சரி, இருபத்து மூணு 'பி'ன்னு சீட்டெல்லாம் எடுத்திருக்கீங்க? காசு கட்டியிருக்கே?"

"அதுவும் அதுவா எழுதிக்கிச்சு" என்று சொல்லிவிட்டு அப்பா குழாயை இறுக்கப் போய்விட்டார். டிக்கெட்டைத் திருப்ப முடியாது, பெயரை மாற்றவும் முடியாது என்று கீழே தடித்த எழுத்தில் போட்டிருந்தது. எட்டாம் தேதிக்கு வேறு டிக்கெட் இருக்கிறதா என்று மாமா பார்த்தார், விலை இரண்டு மடங்கு. அம்மா வேலையிலிருந்து வந்ததும் எல்லாவற்றையும் நான் மெதுவாகச் சொன்னேன். "சரி, கை கழுவிட்டு வாங்க, சாப்பிடலாம்" என்றாள். அதிர்ச்சியில் அப்படிப் பேசுகிறாள் என்று நினைத்து, நான் கொஞ்சம் தண்ணீர் கொடுத்தேன்.

ஆகவே அக்கா, இன்றைய நிலைமைப்படி உனக்குப் பிரசவம் பார்க்க அப்பா மட்டும்தான் வருவார். அவருக்குச் சமைக்கத் தெரியாது. நீ பிறந்தபோது உன்னைத் துணிச் சுருள் மாதிரி தோளில் போட்டுக்கொண்டு நின்றாராம். ஆனால் குழாய் வேலை இருந்தால் செய்வார். எங்களை மன்னித்துவிடு.

வயதில் சின்னவளாகிய நான் உன்னை வாழ்த்த முடியாது. ஆனால் வயிற்றில் இருப்பவருக்கு நான் மூத்தவள், ஆகவே அவருக்கு மட்டும் என் ஆசிகள். உன் வீட்டில் இருப்பவருக்கு என் வணக்கத்தைச் சொல்லவும்.

இப்படிக்கு,
உன் கீழ்ப்படிதலுள்ள தங்கை

பின்குறிப்பு: பிழை திருத்துவதற்காக இந்தக் கடிதத்தை அம்மாவிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, கிளினிக் டைரிக்குள்ளிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்துக் காட்டினாள். எட்டாம் தேதி, அம்மா பெயர், ஜன்னலோர இருக்கை இருபத்து மூன்று ஏ. முதல் நாளே மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், கிளினிக் கம்ப்யூட்டரில், அப்பா தெருமுனையிலிருந்து திரும்பி வந்து பார்த்த விலைக்கே வாங்கிவிட்டாளாம். "பின்ன ஏம்மா நாப்பது நாளா எங்கள தேட விட்ட?" என்று கேட்டேன். "அவரு பேரம் படியட்டும்னு பாத்தேன்" என்றாள். டைரியை வீட்டில் எங்கே வைப்பாய் என்று கேட்டேன். கம்ப்யூட்டர் மேசையில் என்றாள்.

அக்கா, நான் ரொம்ப நேரம் யோசித்தேன். கம்ப்யூட்டருக்கு அப்பாவின் பெயர் தெரியும். பாஸ்போர்ட் எண் தெரியாது. அதற்கு யாராவது நாற்காலி போட்டு ஏற வேண்டும்.

அதனால் இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. நன்றாக ஒட்டி அப்பாவிடமே கொடுத்தனுப்புகிறேன். உன் வாசலில் நின்றுகொண்டு, "தப்பா பதிவாயிடுச்சும்மா, காசு வீணாப் போகுமேன்னு வந்தேன்" என்று சொல்வார். நம்பிவிடு.