ஓவராயில் அண்ணாத்தே தடுத்த ஹெலிகாப்டர்

உலகத்தில் எந்தப் பொருளை வாங்கி வந்து காட்டினாலும் "நல்லாருக்கு" என்று சொல்லத் தெரியாத ஒரே மனிதர் எங்கள் ஓவராயில் அண்ணாத்தேதான். புது ஸ்கூட்டரோ, ஃப்ரிட்ஜோ, மனைவிக்கு வாங்கிய கொலுசோ, எதுவானாலும் சுற்றிச் சுற்றிப் பார்ப்பார், தட்டிப் பார்ப்பார். பிறகு துக்கம் விசாரிக்கிற குரலில் கேட்பார்: "அதெல்லாம் சரி, ஓவராயில் எப்போ?"

அவருக்கு அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று இருந்தது. சம்பளம் போடுகிற நாளில் மட்டும் அது எங்களுக்கு ஞாபகம் வரும்.

நான் வேலை பார்த்த ஆபீஸ் அம்பத்தூர் எஸ்டேட்டில், ஒரு போல்ட் கம்பெனிக்கும் பிஸ்கட் கிடங்குக்கும் நடுவில் இருந்தது. சின்ன விமானம், ஹெலிகாப்டர் வைத்திருக்கும் பணக்காரர்களுக்கு இஞ்சின் பராமரிப்பைக் கவனித்துக் கொடுப்போம். பழையதை வாங்கவும் விற்கவும் தரகு வேலையும் உண்டு. மகள் விமானக் கம்பெனியில் இருக்கிறாள் என்று கரூரில் என் அம்மா பெருமையடித்துக்கொண்டிருந்தாள். அந்த ஆபீஸில் கொசுவைத் தவிர வேறு எதுவும் பறந்து நான் பார்த்ததில்லை.

எந்த இஞ்சின் எத்தனை மணி நேரம் ஓடியது, எத்தனை முறை ஸ்டார்ட் ஆனது, எப்போது அதை முழுசாகப் பிரித்து, தேய்ந்ததை மாற்றி, திரும்பப் பூட்ட வேண்டும் என்று பார்ப்பது அண்ணாத்தேயின் வேலை. அந்தப் பிரித்துப் பூட்டுகிற வைபவத்துக்கு இங்கிலீஷில் ஓவர்ஹால், அண்ணாத்தே வாயில் ஓவராயில். அதற்கு ஆகும் செலவில் பூந்தமல்லியில் ஒரு தெருவையே வாங்கலாம். அதனால் பறக்கிற ஒவ்வொரு மணிக்கும் கொஞ்சம் பணத்தைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டே வர வேண்டும். அண்ணாத்தேக்கு இது தொழில் மட்டும் இல்லை, மதம்.

மதம் என்றால் வீட்டிலும் கடைப்பிடிக்க வேண்டுமே. "ஓடுறதைவிட ஸ்டார்ட் பண்றதுலதான்மா தேய்மானம் ஜாஸ்தி" என்று சொல்லி, சட்னி அரைத்துவிட்டுச் சாம்பார்ப் பொடி அரைக்கும் வரை மிக்ஸியை நிறுத்தாமல் வைத்திருந்தார். மிக்ஸி புகைந்து செத்தது. கரையான்சாவடியில் ஸ்கூட்டரை ஓடவிட்டபடியே ஒரு செட் இட்லி, ஒரு வடை, ஒரு காபி சாப்பிட்டு வெளியே வந்து, பெட்ரோல் தீர்ந்த வண்டியைச் சென்னீர்குப்பத்தில் இருக்கிற தன் வீடு வரை தள்ளிக்கொண்டு போனார். தள்ளும்போதும் முகத்தில் நிம்மதி. இஞ்சின் மிச்சமாம்!

என் கல்யாணத்துக்குப் பஸ் பிடித்துக் கரூர் வந்தார். மேடையேறி மாப்பிள்ளையின் கையைக் குலுக்கினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். கேட்டேவிட்டார்.

"ஓவராயில் எப்போ நைனா?"

என் கணவர் ஏதோ மெட்ராஸ் ஆசீர்வாதம் போலிருக்கிறது என்று நினைத்து, "சீக்கிரமே சார், உங்க ஆசியில" என்றார்.

இப்படிப்பட்டவர் இருக்கும் ஆபீஸுக்குத்தான் ஒரு நாள் மண்டபம் நைனா வந்தார். கரையான்சாவடி மெயின் ரோட்டில் கல்யாண மண்டபம் வைத்திருப்பவர். வெள்ளைச் சட்டை, கழுத்தில் தேர்வடம் மாதிரி சங்கிலி. தாலி கட்டியதும் மணமக்கள் வாசலுக்கு வர வேண்டும், மேலே ஹெலிகாப்டரிலிருந்து பூ கொட்ட வேண்டும், அதுதான் அவர் கனவு. மலிவாக ஒரு பழைய ஹெலிகாப்டர் எங்களிடம் விலைக்கு இருந்தது. பணத்துக்கு மண்டபத்தின் பந்தி ஹாலை இடத்தோடு விற்கப் போவதாகச் சொன்னார். கூட வந்திருந்த அவர் மனைவிக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தது.

"பந்தி ஹால் இல்லாத மண்டபத்துல எவன்யா கல்யாணம் பண்ணுவான்? ஹெலிகாப்டர்லயா இலை போடுவே?"

எங்கள் முதலாளி கமிஷனை நினைத்துச் சிரித்துக்கொண்டே டீ வரவழைத்தார். டீ வருவதற்குள் அண்ணாத்தே வந்துவிட்டார்.

"இன்னா நைனா, வெலை கம்மியா கீதேன்னு பாக்குறியா? அதோட இஞ்சின் ஓவராயிலுக்கு வந்துகினு கீது. அதான் கம்மி."

முதலாளி இருமினார். அண்ணாத்தே அதை இருமல் என்றே எடுத்துக்கொண்டார்.

"ஒரு மாசம் உன் மண்டபத்து ஜெனரேட்டரை ஹெலிகாப்டர்னு நெனச்சுக்க. ஓடுற ஒவ்வொரு மணிக்கும் நான் சொல்ற துட்டை உண்டியல்ல போடு. ஒவ்வொரு ஸ்டார்ட்டுக்கும் தனியா போடு. ஓடாத நாளுக்கும் போடு."

"ஓடாத நாளுக்கு இன்னாத்துக்குபா?"

"சொம்மா நின்னாலும் துரு புடிக்கும் நைனா. காத்துல ஈரம் கீதே!"

மண்டபம் நைனா ரோஷக்காரர். "ஒரு மாசம் இன்னா, ஒரு வருசம் போடுறேன்" என்று போனவர், மறுநாளே பித்தளையில் பெரிய உண்டியல் ஒன்றை ஜெனரேட்டர் பக்கத்தில் வைத்துவிட்டார்.

அந்த மாதம் பார்த்து நல்ல முகூர்த்த சீசன், நல்ல கரண்ட் கட். முதல் வாரம் கெத்தாகப் போட்டார். இரண்டாம் வாரம் ஸ்டார்ட்டை மிச்சம் பிடிக்கிறேன் என்று கரண்ட் வந்த பிறகும் ஜெனரேட்டரை நிறுத்தாமல் விட்டார். மணிக்கணக்கு எகிறியது. மூன்றாம் வாரம் மணியை மிச்சம் பிடிக்க அடிக்கடி நிறுத்தினார். ஸ்டார்ட் எகிறியது. கையிலிருந்த மோதிரங்கள் ஒவ்வொன்றாக உண்டியலுக்குள் போனதாகக் கேள்வி.

ஆனாலும் மனுஷன் ஆசையை விடவில்லை. மாதக் கடைசியில் ஒரு முகூர்த்த நாள் காலையில் பேப்பரில் கையெழுத்துப் போடுவதாகச் சொல்லிவிட்டார். முதலாளி என்னைப் பேப்பரோடு அனுப்பினார். யாரும் அனுப்பாமலே அண்ணாத்தேயும் வந்தார்.

கெட்டிமேளம் என்று ஐயர் கையைத் தூக்கவும் கரண்ட் போகவும் சரியாக இருந்தது. ஏசி மண்டபம், ஒரு ஜன்னல் கிடையாது, கும்மிருட்டு. மாப்பிள்ளை கையில் தாலியோடு நிற்கிறார், எதிரே பெண்ணா தோழியா என்று தெரியவில்லை. நானும் அண்ணாத்தேயும் பின்பக்கம் ஓடினோம். அங்கே மண்டபம் நைனா ஜெனரேட்டரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"தொடாதே! இன்னிக்கே ரெண்டு ஸ்டார்ட்டு ஆயிப்போச்சு!"

"நைனா, முகூர்த்தம் போவுது, எழுந்திரு!" என்று கத்தினார் அண்ணாத்தே. தன் வாழ்நாளில் முதல் முறையாக ஒரு இஞ்சினை ஸ்டார்ட் பண்ணச் சொல்லிக் கெஞ்சினார் அந்த மனிதர். பெண்ணின் அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். கடைசியாக நைனாவின் மனைவி வந்து இடுப்பில் கை வைத்து நின்றார்.

"ஏன்யா, தரையில நிக்கிற ஜெனரேட்டருக்கே இப்படி அழுவுறியே, மேல போனப்புறம் இன்னா பண்ணுவே? நடுவானத்துல ஆஃப் பண்ணச் சொல்லுவியா?"

நைனா மெதுவாக எழுந்தார். ஜெனரேட்டர் உறுமியது, விளக்கு வந்தது, மேளம் கொட்டியது, தாலி ஏறியது. சரியான பெண்ணுக்குத்தான்.

"வேணாம்பா ஹெலிகாப்டரு" என்றார் நைனா. பாவம், குழந்தை மாதிரி கண் கலங்கிவிட்டது. எனக்குமே கஷ்டமாக இருந்தது.

அண்ணாத்தேக்குத் தாங்கவில்லை. "மேலேர்ந்து பூ கொட்டணும், அவ்ளோதானே மாமே?" என்றவர், ஒரு கூடை ரோஜா இதழைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடி, உள் பால்கனியிலிருந்து மேடைமேல் கவிழ்த்தார். மின்விசிறிகள் ஓடுவதை மறந்துவிட்டார். ஐயர் வாயில் பூ, நாயனத்துக்குள் பூ, பந்தி ஹாலில் பாயசத்தில் பூ. கூட்டம் கைதட்டியது. நைனா எல்லாரையும்விடச் சத்தமாகக் கைதட்டினார்.

பந்தி ஹால் பிழைத்தது. கமிஷன் போன கோபத்தில் முதலாளி அண்ணாத்தேயை வேலையை விட்டுத் தூக்கினார். அதே வாரம் நைனா அவரை மண்டபத்துக்கு மேனேஜராக்கிவிட்டார். உண்டியல் இன்னும் இருக்கிறது. இப்போது அதில் போடுவது ஜெனரேட்டருக்குத் தேவையான நியாயமான தொகை மட்டும்தான்.

நாங்கள் கோவில்பதாகையில் வீடு வாங்கிக் குடியேறிவிட்டோம். எனக்கும் என் கணவருக்கும் சண்டை வந்து இரண்டு நாள் பேசாமல் இருந்தால், யாராவது ஒருவர் தோற்றுப்போய், "ஓவராயில் எப்போ?" என்று கேட்போம். அதற்குமேல் சண்டை ஓடாது.

அடுத்த மாதம் என் தங்கைக்குக் கல்யாணம். ஐடியில் வேலை பார்க்கிறவள், கடற்கரை ரிசார்ட்தான் வேண்டும் என்று ஒரே பிடிவாதம். நான் கரையான்சாவடி மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வந்தேன். ரிசார்ட்டில் கடல் இருக்கும், காற்று இருக்கும். மாப்பிள்ளையின் கையைப் பிடித்து அந்த ஒரு கேள்வியைக் கேட்க எங்கள் அண்ணாத்தே இருக்க மாட்டாரே.