டாக்டர் கோட்டில் தொங்கிய நூல்

எனக்கு நடிப்பு பிரமாதமாக வரும். வேறு யாரும் சொல்ல மாட்டார்கள் என்பதால் நானே சொல்லிவிடுகிறேன்.

என் பேத்தி வேலை பார்க்கும் மருத்துவக் கல்லூரியில், டாக்டருக்குப் படிக்கிறவர்களுக்கு ஒரு பரீட்சை. மருந்து மாத்திரை பற்றி இல்லை. நோயாளி எரிந்து விழுந்தாலும் பொறுமையாக, மரியாதையாகப் பேசுகிறார்களா என்று பார்ப்பார்களாம். எரிந்து விழ ஆள் வேண்டுமே! பேத்தி யோசிக்காமல் என் பெயரைச் சொல்லியிருக்கிறாள். (அதுல ஒரு குத்தல் இருக்குதுங்க, எனக்குத் தெரியும்.)

"அம்மாயி, ரொம்ப நேரமாக் காக்க வெச்சுட்டாங்கன்னு சத்தம் போடோணும், அவ்வளவுதான்."

"அதையெல்லாம் எனக்குச் சொல்லிக் குடுக்கோணுமா கண்ணு?"

மூலனூர்ப் பையன் ஒருவன் வந்தான். போன தடவை நோயாளியிடம் சிடுசிடுத்து இதே பரீட்சையில் தோற்றவன். இந்தத் தடவையும் தோற்றால் கூட்டாளிகள் எல்லாம் அடுத்த வருஷத்துக்குப் போக, இவன் மட்டும் அங்கேயே நிற்க வேண்டும். மார்க் போட மூலையில் பெரிய டாக்டரம்மா உட்கார்ந்திருந்தார்.

நான் பிடித்தேன் பாருங்கள் ஒரு பிடி! "ஏனுங்க டாக்டரு, காத்தால வந்தவ நானு! நானென்ன மரமா, மட்டையா?"

அப்போதுதான் அவன் வெள்ளைக் கோட்டுப் பாக்கெட்டில் ஒரு நூல் தொங்குவது கண்ணில் பட்டது.

பனியன் கம்பெனி செக்கிங்கில், பிசிறு நூல் பார்த்து வெட்டியே காலம் தள்ளியவள் நான். தொங்கும் நூலைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. (ஒரு கல்யாணத்துல மாப்பிள்ளை சட்டையவே... செரி, அது வேற கதைங்க.) திட்டிக்கொண்டே பிடித்து இழுத்தேன். இழுக்க இழுக்க வந்தது. கடைசியில் பாக்கெட்டே கையோடு வந்துவிட்டது! பேனா, டார்ச், பாதி கடித்த கடலை மிட்டாய் எல்லாம் தரையில்.

பையன் முகம் சிவந்தது. போச்சு, கத்தப்போகிறான், என்னால் ஒரு பிள்ளையின் படிப்பே கெட்டது என்று எனக்கு நிஜமாகவே அழுகை வந்துவிட்டது.

அவன் மூச்சை இழுத்து விட்டான். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"அழுவாதீங்கம்மா. காக்க வெச்சது எங்க தப்புங்க. உடம்புக்கு என்ன பண்ணுது, சொல்லுங்க."

"பாக்கெட்டுங்க சாமி..."

"அது கெடக்குதுங்க. மொதல்ல நீங்க தண்ணி குடிங்க."

டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு, "இதுக்கு மேல ஒருத்தரோட பொறுமையச் சோதிக்க முடியாது. பாஸ்!" என்றார்.

என் நடிப்பால்தான் அவன் தேறினான் என்று இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறேன். வீட்டில் ஒருத்தரும் ஒத்துக்கொள்வதில்லை. நான் கொஞ்சம் குரலை உயர்த்தினால் போதும், மாப்பிள்ளையும் பேரன்களும் சட்டைப் பாக்கெட்டை இரண்டு கையாலும் பொத்திக்கொள்கிறார்கள். நைட்டியில் பாக்கெட்டே இல்லாத என் மகளும்கூட.