இதன் பயன்

"இதன் பயன்" என்று அச்சிட்ட சின்ன அட்டையில் ஒரு வரி எழுத வேண்டும். தையல்காரர் காலையிலிருந்து பேனாவைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார்.

எதிரே மேசைமேல் அந்தப் பழைய கருவி. பித்தளை வளையம், கண்ணாடிக் கூண்டு, உள்ளே மெல்லிய முள். பரிசோதனைக் கூடத்திலிருந்து ஓய்வு பெற்ற அன்று அவர் மனைவி கொண்டுவந்தது. அவள் இருந்தவரை அது என்னவென்று அவர் கேட்டதில்லை. உயிரோடு இருப்பவர்களிடம் எதையும் நாளைக்குக் கேட்டுக்கொள்ளலாம்.

இப்போது கூடத்தில் கண்காட்சி வைக்கிறார்கள். கருவியை அவள் பெயரோடு கண்ணாடிப் பெட்டியில் வைப்பார்கள். ஆனால் பயன் தெரியாத பொருளுக்கு இடமில்லையாம். இன்று மாலைக்குள் ஒப்படைக்க வேண்டும்.

"ஈரத்தை அளக்கறது அத்தான். பாத்தாலே தெரியலையா?" என்றாள் மச்சினி. "அக்கா எங்கிட்ட சொல்லியிருக்கா."

"எப்போ சொன்னா?"

"சொல்லியிருப்பா."

ஈரத் துணியை வளையத்துக்குள் விட்டாள். முள் தூக்கத்தில் நடப்பவரைப் போல மெல்ல எழுந்து வலப்பக்கம் போய் நின்றது. தையல்காரர் மகிழ்ந்துபோய் 'ஈரம் அளக்க' என்று எழுதினார். பிறகு, எதற்கும் இருக்கட்டும் என்று காய்ந்த துணியை விட்டுப் பார்த்தார். முள் அதே இடத்துக்குப் போயிற்று. எழுதியதை அடித்தார்.

கீழ்வீட்டு மருந்துக்கடைக்காரர் சத்தம் கேட்டு மேலே வந்தார். "நாடி பாக்கற மிஷின் சார் இது. இதோட தம்பி எங்க கடையில இருக்கு." ஆள்காட்டி விரலை வளையத்துக்குள் நுழைத்தார். முள் வலப்பக்கம் போயிற்று. "எழுதுங்க, நாடி!"

எழுதினார். "சரி, விரலை எடுங்க."

"எடுத்துக்கிட்டுதான் இருக்கேன். வரலை."

சோப்பு போட்டார்கள். விரல் வீங்கியது. தையல் மிஷின் எண்ணெயை ஊற்றினார்கள். வளையம் வழுக்கிக்கொண்டு இன்னும் ஒரு கணு உள்ளே போயிற்று. மிச்ச எண்ணெய் அட்டையில் வழிந்து நாடியை அழித்தது.

"இப்போ சந்தேகமே இல்லை," என்றாள் மச்சினி. "இது ஆள் பிடிக்கிற பொறி."

வேறு வழியில்லாமல் மூவரும் கூடத்துக்கு நடந்தார்கள். மருந்துக்கடைக்காரர் கருவியைக் கைக்குழந்தை போல அணைத்துக்கொண்டார். மச்சினி குடை பிடித்தாள். மதிய வெயிலில் தெரு அரைத் தூக்கத்தில் கிடந்தது.

"நிலநடுக்கம் பாக்கறதா?" என்றார் கடிகாரம் பழுது பார்ப்பவர்.

"காபிக்கொட்டை அரைக்கறதா?" என்றாள் மாடியிலிருந்து ஒருத்தி.

ஒவ்வொரு கேள்விக்கும் முள் வலப்பக்கம் சாய்ந்து ஆமோதித்தது. வெயிலில் தனக்குச் சற்று முன்னால், வேலைக்குப் போகும் அதே விறுவிறு நடையில் மனைவி போய்க்கொண்டிருப்பதாகவும், எந்த நொடியும் திரும்பிச் சிரிப்பாள் என்றும் தையல்காரருக்குத் தோன்றியது. அவள் திரும்பவில்லை.

கூடத்தின் வாசலில், பொருள்களை வாங்கிக்கொள்ள முன்னாள் இயக்குநர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மிகவும் வயதானவர். கருவியின் அடியில் ஒரு திருகைத் திருப்பினார். விரல் வெளியே வந்தது. எண்ணெய் சொட்டும் அட்டையைத் தூக்கிப் பார்த்தார்.

"ஒண்ணும் புரியலையே. வாயால சொல்லுங்க. இது எதுக்கு?"

"நாடின்னு சொல்லுங்க சார்," என்று கிசுகிசுத்தார் மருந்துக்கடைக்காரர், விரலை ஊதிக்கொண்டே.

"ஈரம் அத்தான், ஈரம்!"

ஏதாவது ஒன்றைச் சொன்னால் போதும், அவள் பெயர் பெட்டிக்குள் போய்விடும். தையல்காரர் வாயைத் திறந்தார், மூடினார்.

"தெரியலைங்க ஐயா. அவ பேருக்குக் கீழே பொய்யை எழுத மனசு வரலை. எடுத்துக்கிட்டுப் போயிடறேன்."

கருவியைத் தூக்கப் போன அவர் கையைக் கிழவர் பிடித்துக்கொண்டார்.

"எங்கே எடுத்துட்டுப் போறீங்க? இது எதையும் அளக்காது. வேலை கேட்டு வர்றவங்க முன்னாடி வச்சு 'இது எதுக்கு'ன்னு கேக்கத்தான் இதைச் செஞ்சோம், 'தெரியலை'ன்னு சொன்னா அங்கேயே வேலை, உங்க வீட்டம்மாவுக்கு அப்புறம் அதைச் சொன்ன ஒரே ஆள் நீங்கதான்!"